சிவப்புக் கயிறு கட்டின பல்பு

விசாரணை அறிக்கையில துப்பாக்கின்னு எழுதாதீங்க மேடம். செம்புக் கம்பிச் சுருள், நடுவுல ஒரு பிளாஸ்டிக் குழாய், குழாய்க்குள்ள ஒரு இரும்புத் துண்டு, அவ்வளவுதான். கரண்டு விட்டா சுருள் காந்தமாகி இரும்பை உள்ள இழுக்கும். நடுவுக்கு வந்ததும் கரண்டு நிக்கணும். நிக்கலன்னா அதையே திருப்பிப் பின்னாடி இழுத்துடும். அந்த நேரத்தைச் சரி பண்ணவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. ஆமா, எனக்குன்னுதான் சொல்றேன். எங்களுக்குன்னு சொல்ல வாய் வரல.

யாரா? அதான், ஆஸ்பத்திரியில படுத்திருக்காரே எங்க புராஜெக்ட் டீம் லீடர், அவரு செல்ஃபி எடுத்தாரு. சுருள் சுத்தினது நான். அறுநூறு சுத்து மேடம், கையால. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிட்டா மொத்தத்தையும் பிரிக்கணும். மூணு தடவை பிரிச்சேன். இந்த விரலைப் பாருங்க. அவன் எட்டிப் பாத்து, என்ன, நூல்கண்டு சுத்துறியான்னு கேட்டுட்டு கேன்டீனுக்குப் போயிடுவான். சீ, நெனச்சாலே அருவருப்பா இருக்கு.

அடிபட்டவனை இப்படிப் பேசக்கூடாதுதான். ரெண்டு விரல் வெந்துபோச்சு, ஷாக் தூக்கிப் போட்டதுல மணிக்கட்டும் உடைஞ்சுபோச்சு. பாவம்தான். அதுக்காக நல்லவனாயிடுவானா?

பல்புக்குத்தான் வரேன். சுருளுக்குக் கரண்டு குடுக்குற பெட்டிக்குள்ள ஒரு கப்பாசிட்டர் இருக்கு, அதுதான் கரண்டைச் சேத்து வெக்கும். சுவிட்சை அணைச்சாலும் அதுல கரண்டு தங்கிடும். அதனால லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ஒரு பல்புல ரெண்டு ஒயர் மாட்டி, சிவப்புக் கயித்துல பெட்டியோட கட்டிக் குடுத்தாரு. பெட்டிக்குள்ள கை விடுறதுக்கு முன்னாடி ஒயரை கப்பாசிட்டரோட ரெண்டு முனையிலயும் வெக்கணும். பல்பு பளிச்சுன்னு எரிஞ்சு அணைஞ்சா கரண்டு வடிஞ்சுடுச்சுன்னு அர்த்தம். பல்பு இல்லாத பெட்டி லேப் வாசலைத் தாண்டக் கூடாது. அது அண்ணனோட சட்டம்.

அவனுக்கா? கயிறு தெரியும், எதுக்குன்னு தெரியாது. ஒரு நாளாவது வேலை செஞ்சிருந்தாத்தானே! போட்டியில நடுவருங்க முன்னாடி பட்டனை அழுத்தினான், இரும்பு அசையல. கூட்டம் சிரிச்சுது. ரோஷத்துல மூடியைத் திறந்து கையை விட்டுட்டான்.

என்னது, அண்ணன் சரிபாக்கலன்னு எழுதிட்டீங்களா? வேலை போயிடுமா? பதினெட்டு வருஷமா இருக்காரு மேடம்! அவரு பாத்துட்டுத்தான் அனுப்பினாரு. லேப்பை விட்டுக் கெளம்புறப்போ பல்பு அதுல இருந்துச்சு.

அப்புறமா? ஹால்ல போஸ்டர் ஒட்டியிருந்தாங்க. ஆள் உசரத்துக்கு அவன் படம், கையில என் பெட்டி. கண்டுபிடிச்சவர்னு கீழ அவன் பேரு. என் பேரைக் காணோம். கேட்டா, ஒத்தாசை பண்ணினவங்க பேரெல்லாம் போட எடமில்லையாம். ஒத்தாசை! கரண்டை எப்படி வடிப்பீங்கன்னு நடுவருங்க கண்டிப்பா கேப்பாங்க, அப்ப திருதிருன்னு முழிக்கட்டும்னு நெனச்சேன். அவ்வளவுதான் மேடம் நெனச்சேன்.

அண்ணன் ஓடி வந்து அவனைத் தூக்கினாரு. பெட்டியைப் பாத்தாரு, என் தோள்ல கெடந்த பையைப் பாத்தாரு. யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டயும் சொல்லலையா? அதுதான் தாங்க முடியல. அவன் மேல இருந்த அருவருப்பெல்லாம் இப்ப என் மேல திரும்பிடுச்சு.

இந்தாங்க பல்பு. கயிறோட அவுத்துதான் எடுத்தேன், அறுக்கல. அண்ணன் பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதுங்க. இனிஷியலோட எழுதுங்க மேடம்.