பெரியக்கா

முதலில் அந்த விளையாட்டை விளக்கிவிடுகிறேன் மேடம். அது புரியாவிட்டால் மற்றது எதுவும் உங்களுக்குப் புரியாது.

டிவித் திரையில் எட்டுக் குட்டிக் கார்கள். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் கோட்டைக் கடைசியாகத் தாண்டுகிற கார் வெளியே. ஏழு சுற்று முடிந்தால் ஒரே ஒரு ஆள் மிச்சம். வேகம்தான் எல்லாம் என்று நினைக்கிறவர்கள் இரண்டாவது சுற்றிலேயே காணாமல் போவார்கள். முன்னால் ஓடுகிறவனைத்தான் எல்லாரும் குறிவைப்பார்கள். அதனால் முதல் நான்கு சுற்றும் நடுவில், யார் கண்ணிலும் படாமல் ஓட வேண்டும். வழியில் கிடைக்கிற ராக்கெட்டை உடனே எறிந்துவிடக் கூடாது. சுற்றின் தொடக்கத்தில் அடி வாங்கியவன் எப்படியும் சமாளித்துக்கொண்டு வந்துவிடுவான். கோட்டுக்கு முந்தின வளைவில் அடித்தால் எழுந்திருக்க நேரம் கிடைக்காது. நம்மைவிட மெதுவாக ஓடுகிறவரை அடிக்கவே கூடாது. அந்தச் சுற்றுக்கு அவர்தான் நமக்குக் காப்பு.

இவ்வளவும் என் மனைவிக்கு நான் சொல்லிக்கொடுத்தது. சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

எனக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. அடிபட்ட வண்டிகளைப் போய்ப் பார்த்து, எப்படி அடிபட்டது, யார் சொல்வது உண்மை என்று அறிக்கை எழுதுவேன். பதினாறு வருஷத்தில் என் அறிக்கை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அவள் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு, வேண்டாமே என்று சொன்னேன். விட்டுவிட்டாள். வீட்டில் பொழுது போகவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததால், டிவியில் மாட்டி விளையாடுகிற அந்த கேம் பெட்டியை நானேதான் வாங்கிக் கொடுத்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் காய்ச்சல் அடித்தது. மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். சாவி போட்டுத் திறந்தபோது உள்ளே சிரிப்புச் சத்தம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கால் இரண்டையும் சோபாவில் தூக்கிப் போட்டுக்கொண்டு, முகம் தெரியாத யாரோ பெண்களோடு விளையாடிக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமான நான்கு வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். குழாயைத் திருகி மூடினமாதிரி நின்றுவிட்டது. காலைக் கீழே இறக்கி, காப்பி போடட்டுமா என்று கேட்டாள். போடு என்றேன்.

நான் கோபப்படவில்லை மேடம். கோபப்படுகிற ஆள் இல்லை நான். அதே விளையாட்டு போனிலும் உண்டு. மறுநாள் ஒரு ஷெட்டில் நொறுங்கிய லாரியைப் பார்த்துவிட்டு, என் காரில் உட்கார்ந்தபடியே சேர்ந்துகொண்டேன். பெயர் கேட்டது. பெரியக்கா என்று போட்டேன். அவள் பெயர் அங்கே குட்டிப்புயல், முந்தின நாள் டிவியில் பார்த்திருந்தேன். தினமும் மதியம் ஒரு மணிக்கு அவள் எந்தப் பந்தயத்தில் சேர்கிறாளோ அதில் நானும் சேர்ந்தேன். ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு எந்த அவசியமும் இல்லை. அவள் முதல் சுற்றிலேயே வெளியே போக வேண்டும், அவ்வளவுதான். பக்கத்திலேயே ஓடி, கடைசி வளைவு வரும்வரை பொறுத்திருந்து அடிப்பேன். அவளைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு அடுத்த சுற்றில் நானே வேண்டுமென்று தோற்று வெளியே வந்துவிடுவேன். பத்தொன்பது நாள். வேறு யாராக இருந்தாலும் பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டிருப்பார்கள்.

இருபதாவது நாள் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"அக்கா, என்னை மட்டும் ஏன் அக்கா தேடித் தேடி அடிக்கிறீங்க? ஆனா உங்க டைமிங் சூப்பர். எனக்கும் சொல்லித் தர்றீங்களா?"

அவள் குணம் அது. அடித்தவனிடமே போய்க் கற்றுக்கொள்வாள். சொல்லிக்கொடுத்தேன். நல்ல மாணவி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு மாதத்தில் பத்துக்கு எட்டுப் பந்தயம் அவளுடையது. இடையிடையே பேச்சு வளர்ந்தது. எனக்குப் பேசுவதற்குத் தொண்டையில் கோளாறு, எழுத மட்டும்தான் முடியும் என்று சொல்லி வைத்திருந்தேன். பாவம் அக்கா என்றாள். இரவு சாப்பாட்டு மேஜையில் என்னிடம் பத்து வார்த்தை பேசாதவள், பெரியக்காவிடம் பக்கம் பக்கமாக எழுதினாள். ஒருநாள் வீட்டுக்காரர் எப்படி என்று கேட்டேன்.

"நல்லவர்தான் அக்கா. கை நீட்ட மாட்டார், கத்த மாட்டார். ஆனா அவர் உள்ள வந்தாலே வீட்ல காத்து நின்னு போயிடும்."

அதைப் படித்துவிட்டு அன்று வீட்டுக்குப் போய் ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

பிறகுதான் அந்த விளையாட்டின் இறுதிப் போட்டி வந்தது, அவளும் தேர்வாகியிருந்தாள். நகரத்தில் பெரிய அரங்கம், எல்லாரும் நேரில் வந்து விளையாட வேண்டும். ஜெயித்தவரை ஓர் அணியில் சேர்த்துக்கொண்டு ஆறு மாதம் வேறு ஊருக்கு அழைத்துப் போவார்கள். தங்குவதற்கு இடமும் உண்டு. என்னிடம் அவள் இதைச் சொல்லவே இல்லை. பெரியக்காவிடம் சொன்னாள். "ஜெயிச்சுப் போயிட்டா, திரும்பி வர மாட்டேன்னு தோணுது அக்கா." வாழ்த்து அனுப்பினேன்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலை காய்கறி வாங்கப் போயிருந்தோம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி நான் இறங்கினேன். அவள் என் பக்கத்துப் பின்கதவைத் திறந்து, குனிந்து பையை எடுத்தாள். வலது கையை இரண்டு கதவுக்கும் நடுவில் இருக்கிற கம்பத்தில் ஊன்றியிருந்தாள். நான் முன்கதவைச் சாத்தினேன். இந்த வகை விபத்துக்கு நானே பதினோரு அறிக்கை எழுதியிருக்கிறேன். பதினொன்றிலும் கவனக்குறைவு என்றுதான் முடித்திருக்கிறேன்.

அவள் அலறவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். கதவைத் திறந்து கையை எடுத்து, என் துண்டால் சுற்றி, ஆஸ்பத்திரிக்கு எட்டே நிமிஷத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான். இரண்டு விரலில் எலும்பு முறிவு, ஆறு வாரம் கட்டு என்று சொல்லிவிட்டு டாக்டர் என்னைத்தான் சமாதானப்படுத்தினார்.

அதன்பின் வந்த வாரங்கள் எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல வாரங்கள். லீவு போட்டேன். சோறு பிசைந்து ஊட்டினேன். மாத்திரையை நேரம் பார்த்துக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை அவள் இடது கையால் பெரியக்காவுக்கு எழுதினாள்: "கையில அடி அக்கா. போட்டிக்கு வர முடியல." நான் அடுத்த அறையில் உட்கார்ந்து பதில் போட்டேன்: "கவலைப்படாதம்மா. ரெண்டு விரல்தானே, ஆறு வாரத்துல கட்டு பிரிச்சுடுவாங்க."

அந்தச் செய்திகளின் நகலில் நீங்கள் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருக்கிற வரி அதுதான். எத்தனை விரல், எத்தனை வாரம் என்று அவள் எழுதவே இல்லை. எனக்கு அது இன்று இந்த மேஜைக்கு வந்தபிறகுதான் உறைத்தது. அவளுக்கு அன்றே உறைத்திருக்கிறது. இரண்டு நாள் கழித்து, "அவர் வேணும்னே செஞ்சிருப்பாரா அக்கா?" என்று கேட்டாள். "சேச்சே, அவர் கவனிச்சிருக்க மாட்டார்மா" என்று எழுதினேன். "சரி அக்கா" என்றாள். அதற்குப் பிறகு ஐந்து வாரம், எல்லாவற்றையும் மனதுக்குள் வைத்துக்கொண்டு என் கையால் சாப்பிட்டிருக்கிறாள். ஒவ்வொரு வாய்க்கும் என் முகத்தையே பார்ப்பாள். நன்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டுப் பிரித்த மறுநாள் இங்கே ஸ்டேஷனுக்குப் புகாரோடு வந்துவிட்டாள்.

நீங்கள் மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். பதில் சொல்லிவிடுகிறேன். விரல்களைப் பார்த்தேன். நான்கையும் பார்த்தேன். பை கனமாக இருந்ததால் அவள் இன்னும் நிமிரவில்லை. கையை எடுத்துவிடுவாளோ என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றேன். எடுக்கவில்லை. சாத்தினேன். முதல் தடவை கதவு சரியாகப் பொருந்தவில்லை. அதனால் இன்னொரு தடவை சாத்தினேன். இதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம் மட்டும். இப்போது அவள் தோழி வீட்டில் இருப்பதாகச் சொன்னீர்கள். அந்த விரல்கள் இன்னும் மடங்காது, இத்தனை நாளும் நான்தான் அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். அந்தத் தோழியிடம் பார்த்துப் பின்னச் சொல்லுங்கள் மேடம். கொஞ்சம் இறுக்கினாலும் அவளுக்கு வலி தாங்காது.