பெட்டியை அணைத்த பிறகு

— பாட்டு நெட்டுல போகப்போகுது. அதுக்கு எதுக்குண்ணே காயிதம்?

— பாட்டு நெட்டுல போகட்டும் ரியாஸு. யாரு பாடினா, எங்க இருந்து பாடினாங்கிறது காயிதத்துல போகணும். நாளைக்குக் கொச்சிக்காரன் கேப்பான், பாண்டிச்சேரிக்காரன் கேப்பான்.

— ஒருத்தனும் கேக்க மாட்டான். அக்கா, இந்த ஹரி அண்ணன் இருக்காரே, தன் கல்யாணத்துல யாரு எந்தப் பந்தியில உக்காந்தாங்கன்னு எழுதி வச்ச ஆளு.

— அதனாலதான் உங்க சித்தப்பா சாப்பிடாமப் போனாருங்கிற சண்டை அன்னிக்கே தீந்துச்சு. பேசாமக் கேளு. "இடம்: ராஜபாளையம், முகமது ரியாஸ் அவர்களின் ஒலிப்பதிவு அறை. இருந்தவர்கள்: ஒன்று, முகமது ரியாஸ், பேஸ் கித்தார், கம்ப்யூட்டருக்கு முன்னால் சுழல் நாற்காலியில். இரண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஹரிகிருஷ்ணன், தாளக் கித்தார். கதவோரம் பிளாஸ்டிக் ஸ்டூலில். மூன்று, செல்வலட்சுமி, குரல், மைக்குக்கு எதிரே…" தங்கச்சி, நாற்காலி வேண்டாம்னுட்டியே, என்னன்னு எழுத?

— நின்னுக்கிட்டே பாடினேன்னு எழுதுங்கண்ணே. பேண்டேஜ் துணித் தறியில நின்னே பழகிப்போச்சு. உக்காந்தா குரல் வராது.

— "நின்றபடி." சரி. ஊரு?

— ஓடைமேடு, வத்திராயிருப்புப் பக்கம். இப்ப அங்க ஊரு இல்ல. இருந்தாலும் எழுதுங்க.

— எழுதிட்டேன் தாயி.

— அக்கா, பயப்படாதிய. ரெகே, அதான் ஜமைக்கா இசை, வாசிக்கிற நாலு ஊரு பேண்டு சேந்து பண்ணுற பாட்டு இது. நாம, கொச்சி, பாண்டிச்சேரி, பெங்களூரு. எப்பவும் ஒருத்தனை ஒருத்தன் நக்கல் அடிச்சுக்கிட்டுத் திரியிற பயலுக, வெள்ளத்துல போன உங்க ஊரு போட்டோவைப் பாத்துட்டு ஒண்ணாச் சேந்துட்டானுக. ஜமைக்காவுல இருந்து ஒரு பெரியவரு டிராம்போன் ஊதி அனுப்புதேன்னுருக்காரு. அங்கயும் புயல் வந்தா வீட்டைத் தூக்கிட்டுப் போயிருமாம். பாட்டுல வாறது அம்புட்டும் உங்க ஊர்ல வீடு கட்டத்தான். நடுவுல ரெண்டு வரி நீங்க பாடணும். சரியா?

— பாடத்தான் தம்பி வந்தேன். எங்கூட தறி ஓட்டுற உங்கக்கா ரமீஜா, எந்தம்பி ரூமுல போய்ப் பாடுன்னா, வந்துட்டேன். ஆனா உங்க ரெண்டு பேருகிட்டயும் ஒண்ணு கேக்கணும்.

— கேளு தங்கச்சி.

— பாடிட்டுக் கேக்கேன். இப்பக் கேட்டா குரல் நிக்காது.

— சரிக்கா, ஹெட்போனை மாட்டுங்க. மொதல்ல நான் வாசிச்ச பேஸ் மட்டும் வரும். ரெகேயில அதுதான் அஸ்திவாரம், மத்ததெல்லாம் அதுக்கு மேல கட்டுறது. காதுக்குக் கேக்கிறதவிட நெஞ்சுக்குத்தான் கேக்கும். நாலு சுத்து வந்ததும் கை காட்டுதேன், எடுங்க. இந்தா… ரெண்டு… மூணு… எடுங்கக்கா. அக்கா? ஏன் கழட்டிட்டிய?

— நிறுத்து.

— சத்தம் கூடுதலா இருக்கோ? கொறைக்கேன்.

— நிறுத்துன்னேன்ல! இதுதான். இதேதான்.

— எது இதேதான்?

— அன்னிக்கு ராத்திரி கேட்டது.

— ரியாஸு, நிறுத்துடா. இந்தாம்மா, தண்ணி குடி. இப்படி ஸ்டூல்ல உக்காரு. அன்னிக்கு ஓடைக்கு அக்கரைத் தோப்புல, கல்யாண வரவேற்புல வாசிச்சது நாங்கதான். உங்க தெருவுக்கு நல்லாக் கேட்டிருக்கும்.

— கேட்டுச்சுண்ணே. கதவு அதிருச்சு. அடுப்படியில டம்ளரு தானா நகந்துச்சு. எந்தங்கச்சி பிள்ளைக ரெண்டும் அதுக்கு ஆடுச்சுக. நான் கேக்க வந்ததே அதைத்தான். எத்தனை மணி வரைக்கும் வாசிச்சிய?

— பத்துக்கா. போலீஸ் அனுமதி அம்புட்டுத்தான்.

— பத்துக்குப் பொறவு?

— ஸ்பீக்கர் பெட்டியெல்லாம் ஆஃப் பண்ணி, வயரைச் சுருட்டி, வேன்ல ஏத்திட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து பரோட்டா சாப்பிட்டோம். சால்னா ஆறிப்போயிருந்துச்சுன்னு இந்த அண்ணன் கடைக்காரன்கூட மல்லுக்கு நின்னாரு.

— பொய் சொல்லாத தம்பி.

— அல்லா மேல ஆணையாக்கா.

— நீங்க போகல. பதினொண்ணு ஆகப்போற வரைக்கும் வாசிச்சிய. எங்க வீட்டுத் தூணுல கை வச்சுப் பாத்தேன், அதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு. பாட்டு இல்ல, குரல் இல்ல, இந்த அடி மட்டும் தும்மு தும்முன்னு. எங்க மாமியா சொன்னா, "ஏட்டி, பாட்டு முடிஞ்சும் பெட்டியை நிறுத்தாமத் திங்கப் போயிட்டானுக போல." சொல்லிட்டுப் படுத்தா.

— அக்கா…

— படுத்தவதான்.

— ரியாஸு, இங்க பாரு. அந்தப் பெட்டியை நீதானே ஆஃப் பண்ணின? எதுவும் ஓடிக்கிட்டுக் கெடந்துச்சா?

— ஜெனரேட்டரையே நிறுத்தினோம்ணே. கரண்டே இல்ல. பெட்டி எப்படி ஓடும்?

— அப்ப இவ கேட்டது…

— அண்ணே, வேண்டாம். சொல்லாதிய.

— சொல்லாம இருக்க முடியுமாடா? தங்கச்சி, அது நாங்க இல்ல. அது ஓடை.

— ஓடையா?

— மலையில பெஞ்ச மழை எறங்கி வந்திருக்கு. தண்ணி மட்டும் வரல, பாறையை உருட்டிக்கிட்டு வந்திருக்கு. அதோட அதிர்வுதான் உங்க தூணுல ஏறியிருக்கு.

— எண்ணே, என்ன சொல்லுதிய? ஓடை வருது வருதுன்னு அம்புட்டு நேரமும் கேட்டுக்கிட்டேவா படுத்துக் கெடந்தோம்? என் கையை வச்சுப் பாத்தேனே. இந்தக் கையை. கலியாண வீட்டுப் பாட்டுன்னு நெனச்சு எடுத்துட்டேனே.

— அழு தாயி. அழுதுரு.

— அழுகை வரலண்ணே.

— அக்கா, ஃபேனைக் கூட்டவா?

— வேண்டாம் தம்பி. நான் உங்ககூடச் சண்டை போட வந்தவ, தெரியுமா? பாடுறதுக்கு மட்டும் வரல. பாடிட்டு, ரெண்டு பேரு சட்டையையும் புடிச்சு, ஏன்டா பொய் எழுதிக் கொடுத்தியன்னு கேக்க வந்தேன்.

— என்ன பொய்?

— எங்க வீட்டுக்காரவியதான் ஓடைக் காவல். மலைச்சாமி. மலையில மழை பெஞ்சு ஓடை எரைஞ்சா சைரனை அமுக்கணும், அதுக்குத்தான் பாசனச் சங்கத்துல சம்பளம். அன்னிக்கு அமுக்கல. விசாரணையில கேட்டதுக்கு, "தோப்புல பெட்டிச் சத்தம் ஓயல சார், அதுன்னு நெனச்சுட்டேன்"னாவ. அதுக்கு அந்த அதிகாரி, "பாட்டு பத்து மணிக்கே முடிஞ்சதுன்னு எழுத்துல இருக்கு, நீ குடிச்சுட்டுத் தூங்கியிருக்க"ங்காரு. அவிய குடிக்கிற ஆளே இல்ல.

— நீ சொல்லலியா, உனக்கும் கேட்டுச்சுன்னு?

— சொன்னேன். பொண்டாட்டி வேற எப்படிப் பேசுவான்னு சிரிச்சுட்டாங்க. மத்தவங்களுக்குக் கேக்கலியா? கேட்டுச்சு. ஆனா ஏழு பேரைப் பறிகொடுத்துட்டு, அவியளுக்காக எவன் சாட்சி சொல்லுவான்? செத்ததுல ஒண்ணு அவியளைப் பெத்தவ. "நம்ம ஆத்தாளைக் கொன்னுட்டியே"ன்னு கூடப்பொறந்த தம்பியே துப்பிட்டுப் போறான். முகாமுல எங்க பாய்க்குப் பக்கத்துல ஒருத்தரும் பாய் விரிக்கல. இந்த வாரத்தோட விசாரணையை முடிச்சு ஜெயிலுக்கு அனுப்பப் போறாங்களாம்.

— தங்கச்சி, அந்த எழுத்து என்னோடது.

— நீங்களா?

— போலீஸ்ல கேட்டாங்க. எனக்குத்தான் எழுதுறதுன்னா சக்கரை ஆச்சே, வரிசையா எழுதிக் கொடுத்தேன். "இரவு பத்து மணிக்கு அனைத்து ஒலிபெருக்கிகளும் நிறுத்தப்பட்டன." எழுத்து அழகா இருக்குன்னாரு ஏட்டு. சந்தோஷமா வீட்டுக்குப் போனேன் தாயி.

— உண்மையைத்தானேண்ணே எழுதியிருக்கிய.

— அந்த உண்மைதானே உன் வீட்டுக்காரனைப் பொய்யனாக்கிருச்சு! ரியாஸு, அந்தக் கொச்சிக் காயிதத்தைக் கிழிச்சுப் போடு. புதுசு ஒண்ணு எடு.

— யாருக்குண்ணே?

— விசாரணை அதிகாரிக்கு. எழுதுதேன், கேட்டுக்கிட்டே இருங்க. "ஐயா, முன்பு எழுதிக் கொடுத்தது நானே. அதில் பிழை இல்லை. ஆனால் அது பாதிதான். பத்து மணிக்கு எங்கள் ஒலிபெருக்கிகள் நின்றன. அதன் பிறகும் ஓடைமேட்டில் அதே போன்ற சத்தம் கேட்டிருக்கிறது. எங்கள் இசையின் அடிநாதமும் ஓடை உருட்டி வந்த பாறையின் அதிர்வும் ஒன்றுபோல் இருந்தன. மாலை முழுவதும் எங்கள் சத்தத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு, அது மாறியது தெரியவில்லை. மலைச்சாமி தூங்கவில்லை. அவர் சொன்னது மெய்."

— இதை நம்புவாங்களாண்ணே? பொறந்ததுல இருந்து அந்த ஓடையைக் கேட்டவனுக்கு வித்தியாசம் தெரியாதா, காது என்ன செவிடான்னு கேப்பாங்களே?

— கேப்பாங்க ரியாஸு. அதுக்கு நம்மகிட்டப் பதில் இல்ல. தெரிஞ்சதை எழுதுவோம். ஏன்டா மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?

— ஒண்ணுமில்ல. கையெழுத்து எங்க?

— எனக்குக் கீழ. உன் பேஸ் தனியா இருக்கிற அந்த ஃபைலைப் பென்டிரைவ்ல ஏத்து, அதுவும் கூடப் போகட்டும். காதுல போட்டுக் கேக்கட்டும். தங்கச்சி, நீயும் போடு. பேருக்குப் பக்கத்துல ஊரு.

— போட்டுட்டேண்ணே. ஒட்டிக் கொடுங்க, நானே தபாலாபீஸ்ல பதிவுத்தபால் போட்டுட்டு முகாமுக்குப் போறேன். இதை அவியகிட்ட மொதல்ல சொல்லணும்.

— பசை காயட்டும். செத்த நேரம் பொறு… ம், ஆச்சு. ரசீதைப் பத்திரமா வச்சுக்கோ.

— அக்கா, பாட்டு?

— பொறவு பாடுதேன் தம்பி. ஆனா அதைக் காதுல மாட்டிக்கிட்டுப் பாடச் சொல்லாத. வாரேண்ணே.

— பாத்து எறங்கு, படியில லைட்டு இல்ல.

— அண்ணே. போயிட்டாங்களா?

— முக்குத் திரும்பிட்டா. ஏன்டா?

— இன்னொரு கவர் இருக்கா?

— இருக்கு. யாருக்கு?

— அதே அதிகாரிக்குத்தான். இதுல நான் ஒருத்தன் மட்டும் கையெழுத்துப் போட்டாப் போதும்.

— என்னலே சொல்லுத?

— பெட்டியெல்லாம் கட்டி ஏத்திட்டு, வேன் கதவைச் சாத்துறேன்… எனக்கும் அந்த அடி கேட்டுச்சுண்ணே. என் காதுதான் இரையுதுன்னு நெனச்சேன்.