பெயர் நீக்கப்பட்ட இரண்டு குடியிருப்புகள்

என் பெயர் ரெத்னானிங் புர்வசிஹ். வயது முப்பத்தாறு. கணவர் பெயர் சத்ரியோ, படகு இயந்திரம் பழுதுபார்ப்பவர். வானாசெத்ரா நகரில் துறைமுகச் சாலை, மூன்றாவது சந்து, பதினோராம் எண் வீட்டில் வசித்து வருகிறேன். பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதார ஆய்வு மையத்தில் ஒன்பது ஆண்டுகளாகத் தகவல் அலுவலராகப் பணிபுரிகிறேன். ஆய்வாளர்கள் எழுதும் நீண்ட அறிக்கையைச் செவிலியரும் மாவட்ட மன்ற உறுப்பினர்களும் படித்துப் புரிந்துகொள்ளும்படி இரண்டு பக்கத்தில் எழுதித் தருவது என் வேலை. இவ்வழக்கில் புகார் கொடுத்துள்ள ஊர்த்தலைவர் பாக் கஸ்முரியுடன் எனக்கு உறவோ முன்பகையோ கிடையாது.

சென்ற ஆண்டு ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை எங்கள் மையம் மேற்படி ஊர்த்தலைவரின் ஊரில் உள்ள பதினோரு குடியிருப்புகளில் நானூறு குழந்தைகளின் இரத்தத்தை எடுத்து அதில் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்தது. ஆய்வுக்குத் தலைமை வகித்தவர் டாக்டர் எண்டா. பெண்களை இபு என்றும் ஆண்களைப் பாக் என்றும் மரியாதையாக அழைப்பது எங்கள் வழக்கம்; அவரை நாங்கள் இபு எண்டா என்று அழைப்போம். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். அந்த ஊரில் பழைய கார் பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் தொழில் நடக்கிறது. உருக்குபவர்களில் பாக் கஸ்முரியின் மைத்துனரும் ஒருவர். ஊரின் மற்றத் தொழில் சின்ன வெங்காயம்.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி இரண்டு பக்கச் சுருக்கத்தை எழுதி முடித்தேன். அதில் குடியிருப்பு வாரியாக ஓர் அட்டவணை இருந்தது. அதை ஒப்புதலுக்காக இபு எண்டாவுக்கு அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டு மாவட்டச் சுகாதாரத் துறைக்கு நேரடியாக அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அதை நான் மறுபடி திறந்து பார்க்கவில்லை.

அதன் பிறகு மார்ச் மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு மாவட்ட அலுவலகக் கூட்டத்தில் அந்தச் சுருக்கம் எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது. என் கைக்கு வந்த தாளில் அட்டவணை இல்லை. அது இருந்த இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: நானூறு குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம், சராசரி ஐந்தரை மைக்ரோகிராம். ஐந்துக்கு மேல் போனால்தான் கவலை, இது அரைதான் கூட என்று சொல்லி மன்ற உறுப்பினர் ஒருவர் தாளை மூடி வைத்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போகலாம் என்றார். ஒன்பது குடியிருப்புகளில் மூன்றும், இரண்டு குடியிருப்புகளில் முப்பதுக்கு மேலும் இருந்தது அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை. நான் இபு எண்டாவைப் பார்த்தேன். அவர் பலகாரப் பெட்டியிலிருந்த வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அன்று எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

கூட்டம் முடிந்ததும் சுகாதாரத் துறைப் பிரிவுத் தலைவர் பாக் விர்யவானிடம் அட்டவணை எங்கே என்று கேட்டேன். வந்ததைத்தான் அச்சடித்தோம் என்றார். நான் நம்பவில்லை. அவர் மேசைக்குப் பின்னால் ஜன்னலில் சின்ன வெங்காயக் கொத்துகள் தொங்கின. வாசலில் பாக் கஸ்முரியின் வெள்ளை வண்டி நின்றது. இந்த மாவட்டத்தில் வெங்காயம் தொங்காத ஜன்னல் கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று முதல் பாக் விர்யவான் மீது சந்தேகம் கொண்டேன். அவருடைய ஓட்டுநரிடம் விசாரித்தேன். கூட்டக் குறிப்பைத் தட்டச்சு செய்த பெண்ணிடமும் விசாரித்தேன். இரண்டு வாரம் இப்படியே போனது. அந்த இரண்டு வாரத்தில் இபு எண்டாவிடம் ஒரு முறை முறையிட்டேன். அவசரப்படாதே என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு மார்ச் பதினெட்டாம் தேதி காலை அந்த ஊர்ச் சுகாதார நிலையத்தின் மருத்துவச்சி இபு துமிரா எனக்குத் தொலைபேசியில் பேசினார். முப்பதுக்கு மேல் இருந்த இரண்டில் ஒன்றான சுமுர்வத்து குடியிருப்பில் அஸ்தூதி என்ற இரண்டரை வயதுப் பெண் குழந்தைக்கு வலிப்பு கண்டு நகர மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். குழந்தை சோகையாக இருந்ததால் தான் நான்கு மாதமாக இரும்புச்சத்து மருந்தே கொடுத்து வந்ததாகவும், முந்தைய வாரம் ஈயமாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு எங்கள் தாளை எடுத்துப் பார்த்ததாகவும் சொன்னார்.

"தங்கச்சி, உங்க தாள்ல சராசரி ஐந்தரைன்னு போட்டிருந்துச்சு. அதப் பாத்துட்டுத்தான் இது ஈயம் இல்லன்னு நான் விட்டுட்டேன். நான் தப்பாப் படிச்சிட்டனா?"

அவர் தப்பாகப் படிக்கவில்லை என்று சொன்னேன்.

உடனே பாக் விர்யவானின் அலுவலகத்துக்குப் போய், இபு எண்டா அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டச் சொன்னேன். எழுத்தர்கள் இருவர் முன்னால் குரலை உயர்த்தினேன். அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

"என்னத் திருடன்னு நெனச்சுத்தான வந்திருக்கீங்க? உக்காருங்க இபு, நீங்களே பாருங்க."

பிப்ரவரி பதினான்காம் தேதி இபு எண்டாவின் முகவரியிலிருந்து வந்திருந்த கோப்பில் அட்டவணை இல்லை. சராசரி வரி இருந்தது. மாற்றியவர் பெயர் என்ற இடத்தில் இபு எண்டாவின் பெயர் இருந்தது. நான் மூன்று முறை படித்தேன். பாக் விர்யவான் ஒரு குவளை தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், "என்னையும் முழுசா விட்டுடாதீங்க. எந்த ஊருன்னு நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேக்காம இருந்தது எங்களுக்கும் வசதியா இருந்துச்சு" என்றார். இதை அவர் இங்கேயும் சொல்வாரா என்பது எனக்குத் தெரியாது.

அதன் பிறகு மதியம் மையத்துக்குத் திரும்பி இபு எண்டாவின் அறைக்குப் போனேன். அவர் மறுக்கவில்லை. யாராவது காசு கொடுத்தார்களா என்று கேட்டேன். ஒன்பது ஆண்டுகளில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் சொன்னதாவது:

"அந்த அம்மாங்க புள்ளைங்க கைய நீட்டவே விடல. ஊர் பேர் வெளிய வராதுன்னு நான் ஒவ்வொரு வீட்லயும் கையடிச்சுக் கொடுத்தேன். பேர் வந்தா வெங்காயத்த யாரும் வாங்க மாட்டாங்க, பொண்ணு எடுக்க மாட்டாங்கன்னு அழுதாங்க. குடுத்த வாக்க எப்படி மீறுவேன், ரெத்னா?"

நான், "ஊருக்குச் சொல்லாதீங்கன்னுதான் கேட்டாங்க. மருத்துவச்சிக்குச் சொல்லாதீங்கன்னு யாரும் கேக்கல" என்றேன். அவர், நெறிமுறைக் குழுவில் அனுமதி பெற்றுப் பிறகு தரலாம் என்றும், குழு ஏப்ரல் ஒன்பதாம் தேதி கூடுகிறது என்றும் சொன்னார். மேற்படி குழந்தை மருத்துவமனையில் இருப்பதைச் சொன்னேன். அவர் எழுந்து ஜன்னலருகே போய் எனக்கு முதுகு காட்டி நின்றார்.

அதன் பிறகு என் பழைய கோப்பிலிருந்து அட்டவணையை ஒரே ஒரு படி அச்சடித்தேன். யாருடைய அனுமதியும் பெறவில்லை. மழையில் நனையாமல் மேற்சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மாலை நான்கரை மணிக்கு இபு துமிராவின் கையில் நேரில் கொடுத்தேன். சிகிச்சைக்கு மட்டும், வேறு யாருக்கும் காட்டக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுமுர்வத்து என்ற வரியில் விரலை வைத்தார். அந்த விரல் அங்கேயே இருந்தது. பிறகு மருத்துவமனைக்குத் தொலைபேசினார். அன்று மாலையே அஸ்தூதியின் இரத்தம் சோதனைக்கு அனுப்பப்பட்டு, இரண்டாம் நாள் முடிவு வந்தது. எழுபத்தொன்று.

அடுத்த பத்து நாளில் இபு துமிரா இரண்டு குடியிருப்புகளின் முப்பத்திரண்டு குழந்தைகளையும் வீடு வீடாகப் போய் அழைத்து மறுசோதனைக்கு அனுப்பினார். ஒன்பது பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அஸ்தூதி உயிரோடு இருக்கிறாள். நான் பார்த்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்பு பேசிக்கொண்டிருந்த சொற்கள் திரும்ப வரவில்லை என்று தாய் கஸ்தினா சொன்னார்.

மார்ச் முப்பதாம் தேதி அந்த அட்டவணையின் படம் ஊர்க்காரர்களின் கைப்பேசிகளில் பரவியது. மூன்றாம் நாள் வெங்காய வியாபாரிகள் வண்டிகளைத் திருப்பிக் கொண்டுபோனார்கள். ஈயமே உருக்காத வீடுகளின் வெங்காயமும் களத்தில் கிடந்து முளைவிட்டது. இபு எண்டா பயந்தது அப்படியே நடந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுமுர்வத்துவில் சில தாய்மார்கள் என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்கள். பாக் கஸ்முரி கொடுத்த அவதூறுப் புகார் இதைப் பற்றியதே. அவருடைய மைத்துனரின் உலையை இதுவரை யாரும் மூடவில்லை.

படம் எடுத்தவர் யார் என்று காவல் ஆய்வாளர் என்னிடம் மூன்று முறை கேட்டார். முதலில் நான் பாக் விர்யவானையும், பிறகு பாக் கஸ்முரியின் எதிர்க்கட்சிக்காரர்களையும், ஒரு நாள் இபு துமிராவையும் சந்தேகித்தேன். இப்போது எனக்குத் தெரியும். சொல்ல விரும்பவில்லை.

இபு எண்டா தவறு தன்னுடையது என்று நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். கடிதத்தை நான் பார்க்கவில்லை. ஆகவே நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவார்கள் என்று ஆய்வாளர் தெரிவித்தார். களத்தில் வெங்காயம் அழுகிய வீடுகளுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்கத் தயார் என்றேன். அட்டவணையை மருத்துவச்சியிடம் கொடுத்ததற்குக் கேட்க மாட்டேன் என்றேன்.

இன்று காலை நான் இந்தக் காவல் நிலையத்துக்குள் வரும்போது கஸ்தினா வாசலில் உட்கார்ந்திருந்தார். குழந்தை மடியில் இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எங்களுக்காகத்தான் ஊர் பேர மறைச்சாங்கன்னா, இனிமே மறைக்க வேணாம்னு சொல்லுங்க" என்றார். மற்றவர்கள் சார்பில் பேச அவருக்கு உரிமை உண்டா என்று எனக்குத் தெரியாது. தன் குழந்தையின் சார்பில் பேச அவருக்கு உரிமை உண்டு.

இந்த வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதில் ஓரிடத்தில் "சில குடியிருப்புகள்" என்று எழுதப்பட்டிருந்தது. அதை அடித்துவிட்டுப் பின்வருமாறு எழுதும்படி கேட்டுக்கொண்டேன்: சுமுர்வத்து, பதினெட்டுக் குழந்தைகள், சராசரி முப்பத்தாறு. கெபோன்லோர், பதினான்கு குழந்தைகள், சராசரி முப்பத்தொன்று. ஆய்வாளர் இது தேவையில்லை என்றார். நான் காத்திருந்தேன். பிறகு எழுதினார். திருத்தம் செய்த இடத்தில் ஓரத்தில் கையொப்பமிட்டேன்.

நான் கண்டதும் செய்ததும் இதுவே. எவருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொன்னேன். படிக்கக் கேட்டேன், சரியாக உள்ளது.

(ஒப்பம்)
ரெத்னானிங் புர்வசிஹ்