ஐந்து கையும் முழுசா

— மூச்சை அந்தப் பக்கம் விடு தம்பி. இது மேல விட்டா ஆடுது.

— சரி அண்ணி.

— லென்ஸை இன்னும் கொஞ்சம் கிட்ட. கிட்டன்னா என் மூக்கு மேல இல்ல. ஆங், அங்கேயே நில்லு. ஏன் லென்ஸை இப்படி ஆட்டற?

— ஆட்டலையே.

— ஆட்டலையா? லென்ஸ் வழியாப் பார்த்தா எனக்கு பூகம்பமே தெரியுது. போட்டுல வலை இழுக்கிற கையாடா இது?

— ராத்திரி சரியாத் தூங்கல அண்ணி. அதாவது, சும்மா, புழுக்கம்.

— கண்ணு ரெண்டும் குழி விழுந்து கிடக்கு. சோறு திங்கறியா இல்லையா?

— என்னை விடுங்க. இது நல்லா இருக்கா, அதைச் சொல்லுங்க.

— நல்லா இருக்காவா! கடல்ல இருந்து இந்த மேஜைக்கு எத்தனையோ நொறுங்கு நட்சத்திரம் வந்திருக்கு, ஒண்ணாவது உருப்படியா வந்திருக்கா? ஒண்ணுக்கு ரெண்டு கை, இன்னொண்ணுக்கு மூணு கை, மீதி எல்லாம் ஜாடி அடியில தூளா. தொட்டாலே கையைக் கழட்டிப் போட்டுட்டு ஓடுற ரகம். இதைப் பாரு, அஞ்சு கையும் நுனி வரைக்கும் அப்படியே இருக்கு. ஒவ்வொரு கையும் பாம்புக் குட்டி மாதிரி வளைஞ்சு, ஓரமெல்லாம் முள்ளு. என் கண்ணே பட்டுடும்.

— அப்போ சுவத்துல ஒட்டியிருக்கற படம் எல்லாம்?

— அதெல்லாம் நட்சத்திர மீன்டா. அது சாது. தடிச்ச கை, தட்டுல வச்சா கல்லு மாதிரி கிடக்கும். காய வச்சு எடுத்துக்கிட்டா ஆற அமர வரையலாம். நான் வரையற கடல் ஜீவராசிப் புத்தகத்துக்கு அந்தப் படம் எல்லாம் எப்பவோ முடிஞ்சுது. இந்த நொறுங்கு நட்சத்திரம் ஒண்ணுதான் என் உசிரை வாங்கிட்டு இருந்தது.

— இல்லாத கையை நீங்களே போட்டா என்ன அண்ணி? அஞ்சும் ஒரே மாதிரிதானே. ஒண்ணைப் பார்த்து மத்ததை வரைஞ்சுட்டுப் போக வேண்டியதுதானே.

— அதுக்குப் பேரு படம் இல்ல, புளுகு. தட்டுல என்ன இருக்கோ அதை வரையணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பொடி மண்ணு ஒட்டியிருந்தா அந்த மண்ணையும் வரையணும். நான் சாப்பிடற சோறே அதுதான்.

— அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. அவளை என் படம் வரையச் சொன்னா தொப்பையில இருக்கற மச்சத்தைக் கூட விட மாட்டாள்னு.

— அந்த ஆளு பேச்சை எடுக்காத.

— எடுக்கல அண்ணி.

— அதான் எடுத்துட்டியே. சரி, கேக்கறேன். நீ பார்த்தப்ப எப்படி இருந்தாரு?

— எத்தனை தடவை அண்ணி அதையே கேப்பீங்க?

— இன்னொரு தடவை சொன்னா உன் வாய் தேஞ்சு போயிடாது.

— அதான் சொன்னேனே. அந்தத் துறைமுகத்துல, டீக்கடை வாசல்ல. நல்லா இருந்தாரு. அந்தம்மாவும் பக்கத்துல நின்னாங்க.

— குண்டாயிட்டாங்களா?

— யாரு, அந்தம்மாவா?

— உங்கண்ணன்டா, மண்டு.

— கொஞ்சம் சதை போட்டிருந்தாரு.

— போடும், போடும். நான் இங்க வடிச்சுக் கொட்டினது ஒட்டல, அவ ஊத்தின டீயில சதை போட்டுடுச்சாக்கும். என்ன சட்டை?

— என்னது?

— என்ன சட்டை போட்டிருந்தாருன்னு கேக்கறேன்.

— வெள்ளை அண்ணி.

— அப்போ அந்தப் பச்சைச் சட்டை என்ன ஆச்சு? கிளம்பின அன்னிக்குப் போட்டுட்டுப் போனதே அது. முந்தின நாள் உட்கார்ந்து பை தைச்சுக் குடுத்தேன். சங்கு, சிப்பி, நட்சத்திர மீனு, எனக்குன்னு எதைப் பிடிச்சாலும் சட்டை மேல் பையில போட்டுக் கொண்டு வந்து கொண்டு வந்து பையே கிழிஞ்சு தொங்குச்சு. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் குனிஞ்சு நின்னு இந்த மேஜை மேல கொட்டுவாரு, பள்ளிக்கூடப் பையன் கணக்கா. ஒரே மீன் நாத்தம்.

— ஆமா அண்ணி.

— வீட்டுல பச்சை நூல் இல்ல. நீல நைலான் நூலையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்கித் தைச்சேன். தள்ளி நின்னு பார்த்தா பச்சை. படத்துல நீலப் புள்ளி பக்கத்துலயே மஞ்சள் புள்ளி வைக்கறேன் பாரு, அதே வேலைதான். உங்கண்ணன் பார்த்துட்டு, ஊசியாலயும் வரைய ஆரம்பிச்சுட்டியாடின்னு சிரிச்சாரு. பையைத் தட்டிக் காட்டிச் சொன்னாரு, இந்தத் தடவை முழுசா ஒரு நொறுங்கு நட்சத்திரம் கொண்டு வந்தாத்தான் நான் ஆம்பளைன்னு. வந்தாரு பாரு! அவரு கூடப் போன போட்டுக்காரங்க வந்து கையை விரிச்சாங்க. நடுவுல ஒரு துறைமுகத்துல இறங்கிட்டாரும்மா, யாரோ ஒரு பொம்பளையாம்னு.

— விடுங்க அண்ணி. நாளைக்குக் கிளம்பறீங்க இல்ல?

— கிளம்பாம? பட்டணத்து மியூசியத்துல வேலை வச்சுக்கிட்டு ரெண்டு தடவை கூப்பிட்டாங்க, வேண்டாம்னேன். எதுக்கு? வந்த மனுஷன் பூட்டின வீட்டைப் பார்த்துத் திண்டாடுவாரேன்னு. போட்டுக்காரங்க ஆயிரம் சொல்லட்டும், என் மனசு ஒத்துக்கல. வாசல் விளக்கைக் கூட அணைக்காத பைத்தியம் நான். நீ உன் கண்ணால பார்த்தேன்னு வந்து சொன்ன அன்னிக்குத்தான் அணைச்சேன். இந்தப் படத்தை அனுப்பிட்டு, சாவியை வீட்டுக்காரர் கையில குடுத்துட்டா தலைமுழுகின மாதிரி.

— அதுதான் நல்லது. போயிடுங்க அண்ணி. திரும்பிப் பார்க்காதீங்க.

— உனக்கு ஒண்ணு தெரியுமா? அன்னிக்கு என் வாயால சொன்னேன், இதுக்கு அந்த ஆளு கடல்லயே போயிருக்கலாம்னு.

— அப்படிச் சொல்லாதீங்க!

— லென்ஸு, லென்ஸு! ஜாடி கவுந்துடப் போகுது. ஏன்டா இப்படிக் கத்தற?

— இல்ல... தப்பு அண்ணி. அப்படியெல்லாம் பேசக் கூடாது.

— உனக்கு என்னமோ ஆகியிருக்கு. கடலுக்குப் போறதையே நிறுத்திட்டியாம், உங்க போட்டு டிரைவர் பொண்டாட்டி சொன்னா. பேயறைஞ்ச மாதிரி மூலையில கிடக்கறியாம். என்னன்னு சொல்லு. சொல்ற வரைக்கும் நான் பேனாவைத் தொட மாட்டேன்.

— ஒண்ணுமில்ல... போன தடவை வலையில ஒரு ஆளு வந்தது.

— ஆளா?

— ஆளுன்னா, ரொம்ப நாள் ஆனது அண்ணி. எலும்பும் துணியும்தான்.

— ஐயையோ. எந்த ஊர் ஆளோ! போலீஸ்ல சொன்னீங்களா?

— எங்க சொல்றது? சொன்னா போட்டைக் கட்டிப் போட்டுடுவாங்க. விசாரணை அது இதுன்னு சீசனே போயிடும். டிரைவர் முதலாளிகிட்ட கேட்டாரு. அவரு, வந்த இடத்துலயே விட்டுட்டு வாங்கடான்னு ஒரே பேச்சா முடிச்சுட்டாரு.

— விட்டுட்டீங்களா?

— வலையை அறுத்து விட்டோம்.

— அடப்பாவிங்களா! நெஞ்சுல ஈரமே இல்லையா உங்களுக்கு? யாரு பெத்த பிள்ளையோ. அவன் பொண்டாட்டி எந்த வாசல்ல விளக்கைப் போட்டுட்டு உட்கார்ந்திருக்காளோ. செத்துட்டான்னு தெரிஞ்சாலாவது தலையில அடிச்சுக்கிட்டு அழுது முடிப்பா. அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டு வந்திருக்கீங்களேடா.

— அண்ணி...

— நீயும் சேர்ந்தா அறுத்த?

— கத்தி என்கிட்டதான் இருந்தது.

— உன் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கல எனக்கு. நாளைக்கு இந்த மாதிரி உன் வீட்டுல ஒருத்தருக்கு ஆனா சும்மா இருப்பியா? பதில் சொல்லாத. லென்ஸைப் பிடி. ஜன்னல் வெளிச்சம் இறங்கறதுக்குள்ள முடிக்கணும்.

— பிடிக்கறேன்.

— இதை எங்க எடுத்த? படத்துக்குக் கீழ எழுதணும்.

— கடற்பஞ்சுக்குள்ள அண்ணி. பொந்து பொந்தா ஒரு பஞ்சு வலையில வந்தது, அதுக்குள்ள சுருண்டு கிடந்தது. அப்படியே கடல் தண்ணியோட டப்பாவுல போட்டேன். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே மருந்து உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சு விட்டுத் தூங்க வச்சுட்டு, அப்புறம்தான் ஸ்பிரிட்ல போட்டேன்.

— அதான் கை ஒண்ணும் உதிரல. அந்த மட்டுக்கும் சமர்த்து. நாலு கை முடிஞ்சுது பாரு. அஞ்சாவது கையில என்னமோ சுத்தியிருக்கே, முள்ளுக்கு நடுவுல?

— பாசி அண்ணி. பச்சைப் பாசி. இடுக்கியால இழுத்துப் போட்டுடுங்க.

— இழுத்தா முள்ளு ஒடியும், கையும் கூடவே வந்துடும். இருந்துட்டுப் போகட்டும். அதையும் சேர்த்து வரையறேன். தட்டுல இருக்குது இல்ல?

— குப்பையைப் போய் வரைவாங்களா? நான் வீட்டுலயே நல்லா அலசினேன் அண்ணி, எல்லாம் போயிடுச்சுன்னுதான் நினைச்சேன். அந்தக் கையை விட்டுடுங்களேன். நாலு கை போதும்.

— நாலு கை போதுமா? கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? லென்ஸைக் கீழ இறக்கு. இன்னும் கீழ.

— வெளிச்சம் போயிடுச்சு அண்ணி. நாளைக்குக் காலையில...

— பேசாத. இது பாசி இல்ல. முறுக்கு இருக்கு. பாசி முறுக்கிக்கிட்டா வளரும்?

— வலை நூலா இருக்கும்.

— வலை நூல் இவ்வளவு மெல்லிசா இருக்காது. பச்சையும் இல்ல இது. நீ தள்ளி நின்னு பார்க்கற, அதனால உனக்குப் பச்சை. ரெண்டு இழை ஓடுது. ஒண்ணு நீலம்.

— அண்ணி, தண்ணி கொண்டு வரட்டுமா?

— இன்னொண்ணு மஞ்சள்.

— உட்காருங்க அண்ணி. உட்காருங்க. நான் சொல்றேன்.

— டீக்கடை வாசல்னியே. சதை போட்டிருந்தாருன்னியே. வெள்ளைச் சட்டைன்னியேடா.

— அந்தத் தடவை கரைக்கு வந்தப்புறம், நீங்க அந்த விளக்கைப் போட்டுட்டு உட்கார்ந்திருந்ததை என்னால பார்க்க முடியல. கோபம் வந்தாவது எழுந்து போயிடுவீங்கன்னு, கேஸுக்குப் பயந்து அவரு போட்டுக்காரங்க சொன்ன பொய்யையே நானும் சொன்னேன். வேற ஒண்ணும் எனக்குத் தோணல அண்ணி, சத்தியமாத் தோணல.

— கண்ணால பார்க்காத ஒரு கையைக் கூட நான் வரைஞ்சதில்ல. உன் வாயை நம்பி கட்டின புருஷனைக் கரிச்சுக் கொட்டினேனே. கடல்லயே போயிருக்கலாம்னு சொன்னேனே.

— அடிங்க அண்ணி. அடிச்சுடுங்க என்னை.

— கடற்பஞ்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது எங்கடா இருந்தது? வாயைத் திறந்து சொல்லு.

— மேல் பையில அண்ணி. அவரை அறுத்து விடறதுக்கு முன்னாடி அந்தப் பையை மட்டும் தனியா அறுத்து எடுத்துக்கிட்டேன், அண்ணன் உங்களுக்குக் கொண்டு வர்றேன்னு சொன்னது அதுக்குள்ள உயிரோட நெளிஞ்சுக்கிட்டு இருந்தது.