வீட்டோடு தங்க ஓர் ஆள்

— 2024 மார்ச்சு இருபதாந்தேதி, தேனி கோர்ட்டுல, சோலைமலைக்குத் தண்டனை கெடையாதுன்னு தீர்ப்பாச்சு பாய். இப்ப 2025 ஆகஸ்ட்டு. இன்னும் ஜெயிலுக்குள்ளதான் இருக்கான்.

— பெத்த ஆத்தாள வெட்டுனவனுக்குத் தண்டனை இல்லையா பொற்கொடி?

— வெட்டுனப்ப அவனுக்கு ஆத்தாளும் தெரியல, அருவாளும் தெரியல. மனநோயி. டாக்டரு சொன்னாக, கோர்ட்டும் ஒத்துக்கிருச்சு.

— அப்ப வெளிய விட வேண்டியதுதானே. எதுக்கு வச்சிருக்காக?

— கூட்டிக்கிட்டுப் போக ஆளு வேணும்ல. ‘இன்ன வீட்டுல தங்குவான், இன்ன ஆளு மாத்திரை குடுக்கும்’னு சொல்லி ஒருத்தர் கையெழுத்துப் போடணும். போட ஆளில்லாட்டி உள்ளயே ஒக்காந்திருக்க வேண்டியதுதான். அவன மாதிரியே நம்ம பக்கத்து ஆளுக இன்னும் அஞ்சு பேரு. திங்கக்கெழமை ஆறு பேரு மனுவும் வருது.

— அதுக்குத்தான் வீடு கேட்ட, குடுத்துட்டேன். இந்த ஏலக்காய்க் கோடவுனுக்குப் பின்னாடி எங்க அத்தா கட்டுன வீடு. வாடகை வேணாம்னுட்டேன். மேல ஒரு தண்ணித் தொட்டியும் கட்டித் தர்றேன், அத்தா பேரப் பெருசா எழுதி. இன்னும் என்னா வேணும்?

— ஆளு வேணும்.

— எந்த ஆளு?

— வீட்டோட தங்குற ஆளு. சோறு பொங்கி, ராத்திரி மாத்திரையக் கையில குடுத்து, முழுங்குறவரைக்கும் பக்கத்துல நிக்கிற ஆளு. அதுக்கு மாசாமாசம் சம்பளம். அதக் கேக்கத்தான் வந்தேன்.

— சம்பளமா? அட அல்லாவே! கட்டில் கேளு, பீரோ கேளு. தர்மம்னா கண்ணுக்குத் தெரியணும்ல? சம்பளத்துல எங்குட்டும்மா பேரு எழுதுறது?

— அதான் விசயம் பாய். எல்லாரும் இதையே சொல்றாக. ஒரு நகைக்கடைக்காரரு பேன் குடுத்தாரு, றெக்கையில பேரு எழுதி. சுத்துனா படிக்க முடியலன்னு அவரே வருத்தப்பட்டாரு. சொவர்க்கடிகாரம் மட்டும் ஏழு வந்துருக்கு. பேரன் பொறந்தநாளுக்குக் கேசரி கொண்டாந்து, பக்கத்துல நின்னு போட்டா எடுக்க, நான் நீன்னு போட்டி. கேசரி ஒரு நாளு. மத்த நாளெல்லாம் யாரு ரசம் வைக்கிறது?

— ஏழு கடிகாரமா! மணியாச்சும் சரியாக் காட்டுதா?

— ஆளுக்கொரு மணி காட்டுது.

— சிரிக்க வைக்காத. நான் ரோசனையில இருக்கேன்.

— நான் ஒண்ணு கேக்கவா பாய்? போடிமெட்டுக்கு மேல ஒங்க ஏலக்காடு இருக்கு. செடிய நட்டு, எல்லைக்கல்லுல அத்தா பேர எழுதிட்டு ஜீப்புல எறங்கி வந்துட்டா, காய் வந்துருமா?

— எப்பிடி வரும்? ஒரு மழைக்கு மருந்தடிக்காம விட்டாலே அழுகல் புடிச்சிரும். களை எடுக்கணும், நெழலு வெட்டிவிடணும், கங்காணி அங்கயே கெடக்கணும். அப்பிடிக் கெடந்தும்... சரி, நிறுத்து. எங்க வர்றன்னு தெரிஞ்சுபோச்சு.

— தெரிஞ்சாச் சரி.

— நீ நர்சா இருந்தியா, வக்கீலா இருந்தியா?

— நர்சுதான். மனநல வார்டுல. சொகமாகிச் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போவாக. ஆறு மாசத்துல கையக் கட்டிக் கூட்டியாருவாக. கேட்டா, ‘நல்லாயிட்டான்னு மாத்திரைய நிப்பாட்டிட்டோம்’பாக. நல்லாயிருந்ததே மாத்திரையாலதான். அதப் பக்கத்துல இருந்து பாக்க ஆளில்ல.

— தெருவுல வேற கேக்குறாக பொற்கொடி. நேத்துத் தொழுதுட்டு வர்றேன், அன்சாரு மறிச்சுக்கிட்டான். ‘மாமா, ஜெயிலு ஒண்ணு, கிறுக்கு ஒண்ணு, ரெண்டையும் சேத்துக் கொண்டாந்து பொம்பளப் புள்ளைக நடக்குற தெருவுல வைக்கிறீகளே’ங்குறான்.

— என்னா சொன்னீக?

— ‘ராத்திரியும் பகலும் பாத்துக்கிர்ற ஆளு போட்டாச்சு’ன்னு ஒரு பொய்யச் சொன்னேன்.

— அப்ப அந்தப் பொய்ய மெய்யாக்கிருங்க.

— வாயி! சரி, சம்பளம் என் பொறுப்பு. நான் மண்டையப் போட்டா எம்மகன் சஜ்ஜாத் குடுப்பான், சொல்லி வைக்கிறேன். ஆனா ஒரு கண்டிசன். முன்னப்பின்ன தெரியாத ஆளு கையில அத்தா வீட்டுச் சாவியக் குடுக்க மாட்டேன். நான் பாத்த ஆளா இருக்கணும்.

— வெளங்குனாப்லதான். ரெண்டு மாசமா ஆளு தேடுறேன் பாய். ‘எம்புட்டுக் குடுத்தாலும் அங்க ராத்தங்க மாட்டேன்’ங்குறாக. இதுல ஒங்களுக்குத் தெரிஞ்ச ஆளா வேற நான் எங்க போக?

— எங்கயும் போக வேணாம். கீழ ஒக்காந்து காய் பொறுக்கிக்கிட்டு இருக்கு.

— யாரு, கருத்தம்மாளா?

— சோலைமலைக்குக் கூடப்பொறந்த அக்கா. இங்க சாயங்காலம் வேலை முடிஞ்சா, அம்புட்டுப் பொம்பளைகளும் வாசல்ல மடிய ஒதறிக் காட்டிட்டுத்தான் போகணும். ஒரு ஏலக்காய் ஒட்டியிருக்கக் கூடாது. அத்தா காலத்து வழக்கம். கருத்தம்மாகிட்ட மட்டும் ‘நீ ஒதற வேணாம்’னு எப்பவோ சொல்லிட்டேன். இன்னமும் ஒதறிட்டுத்தான் போகுது. அதுகிட்டச் சாவி குடுப்பேன்.

— அவுகதான் கையெழுத்தே போட மாட்டேன்னுட்டாக பாய். நான் அவுக ஊரு சிலமலைக்கே ரெண்டு தரம் போய்க் கேட்டேன். தலைய ஆட்டிட்டு உள்ள போயிட்டாக.

— ஒத்த ரூமு வீடும்மா அது. மக, மருமகன், கைப்புள்ள வேற. தம்பிய எங்க படுக்கப் போடும்? இப்பத்தான் வீடு இருக்குல்ல! வீடு, சம்பளம், தம்பி, மூணும் ஒரே எடத்துல. கேட்டா ஓடி வரும் பாரு. ஏ அன்னக்கொடி! கருத்தம்மாள மாடிக்கு வரச்சொல்லு. வெரசா!

— கூப்புட்டீகளா மொதலாளி?

— வா கருத்தம்மா. ஒக்காரு.

— நிக்கிறேன். எடை போடாமப் பரத்திப் போட்டுட்டு வந்துருக்கேன்.

— பின்னாடி வீடு ரெடியாயிருச்சு. ஆறு பேரு தங்குவாக. சோறு பொங்கி, மாத்திரை குடுத்து, நீ கூடவே இருக்கணும். சம்பளம் இங்க வாங்குறத விடக் கூட. சாவி ஒங்கையில. என்னா சொல்ற?

— ஆரு ஆரு வர்றாக?

— ஒந்தம்பி வர்றான் தாயி!

— மத்தவுக யாரு பொற்கொடி?

— எல்லாம் நம்ம பக்கந்தான் அக்கா. கம்பத்துக்காரரு ஒருத்தரு, பொட்டிபுரத்துக்காரரு ஒருத்தரு, மத்த மூணு பேரும் மலை எஸ்டேட்டுல வேலை பாத்தவுக. எல்லாரும் உள்ள ஒழுங்கா மாத்திரை போடுறவுக.

— அவுகளுக்கு அக்கா தங்கச்சி இல்லையா?

— இருக்காக. வரல.

— ராத்திரி கத்துவாகளா?

— புது எடம், மொதல்ல தூக்கம் வராது. பெறகு சரியாயிரும். டாக்டரு வந்து பாப்பாரு. நானும் வந்து போவேன்.

— கத்துனாக் கத்தட்டும். எஸ்டேட்டு லயத்து வீட்டுல படுத்துக் கெடந்தப்ப, யானை கத்தக் கத்தத் தூங்குனவதான் நானு. நாளைக்கே வர்றேன் மொதலாளி.

— அல்லா காப்பாத்துனான்! நான் சொல்லல பொற்கொடி?

— ஆனா தம்பி வேணாம்.

— என்னாது?

— அவன வேற எங்கயாச்சும் வைங்க. மத்த அஞ்சு பேருக்கு நான் பொங்குறேன்.

— வேற வீடு இல்லையே அக்கா. இந்த ஒண்ணுக்கே நான் நாயா அலைஞ்சேன்.

— கருத்தம்மா, நான் கேக்குறேன். எடம் இல்லன்னுதானே நீ அன்னைக்குக் கையெழுத்துப் போடல?

— நீங்களா அப்பிடி நெனச்சுக்கிட்டீக மொதலாளி. நல்ல காரணமாத் தெரிஞ்சுச்சு, நானும் சரின்னு விட்டுட்டேன்.

— அவன் இப்ப நல்லாயிட்டான் அக்கா. ஒங்களத்தான் கேக்குறான். ஆத்தா பேச்ச எடுத்தா அழுகுறான்.

— நல்லாயிட்டான்தான், யாரு இல்லன்னது? ஆத்தாள அவன் வெட்டல, அந்தச் சீக்கு வெட்டுச்சுன்னு எனக்குத் தெரியாதா? கோர்ட்டுல கூண்டுல ஏறி நின்னு நானே அதச் சொன்னேன். அவன் மேல எனக்குக் கோவமில்ல.

— பெறகு என்னா?

— சோத்துல வெசம் வச்சிருக்குன்னு அவன் காதுல ஏதோ சொல்லிருக்கு. அன்னைக்கு அந்தச் சோத்தப் பொங்குனது நானு. ஆத்தா எடுத்து வச்சுச்சு, அம்புட்டுத்தான்.

— இத நீ சொன்னதே இல்லையே தாயி.

— யாரு கேட்டா? இனிமே தெனமும் அவன் தட்டுல நான் போடணும். திங்கிறானா, மோந்து பாக்குறானான்னு நான் அவன் மொகத்தப் பாக்கணும். அக்கா பயப்படுறாளான்னு அவன் என் மொகத்தப் பாப்பான். ரெண்டு பேரும் எத்தனை நாளைக்கு அப்பிடியே பாத்துக்கிட்டு இருக்குறது? மத்தவன் மோந்து பாத்தா, ‘என்னடா, உப்புக் கூடிருச்சா’ன்னு கேட்டுட்டுப் போயிருவேன். அவன்கிட்ட அதக் கேக்க முடியாது பொற்கொடி. கேக்கவே முடியாது.

— அதுக்காக அவன் உள்ளயே கெடக்கணுமா அக்கா?

— கெடக்கணும்னா சொன்னேன்? நான் இருக்குற வீட்டுல வேணாம்னு சொல்றேன். என்னைய மாதிரி வேற ஒருத்தி, தன் தம்பிக்குப் பொங்க முடியாதவ, வந்து எந்தம்பிக்குப் பொங்கட்டும். அவ தம்பிய நான் பாத்துக்கிர்றேன்.

— பாய், வேற ஆளுக்குச் சாவி குடுப்பீகளா? நான் திங்கக்கெழமைக்குள்ள எப்பிடியாச்சும் தேடிப் பாக்குறேன்.

— ஒங்கிட்டப் பொய் சொல்லல பொற்கொடி. குடுக்க மாட்டேன். கருத்தம்மா அங்க இருக்குன்னா அன்சாரு வாயத் தொறக்க மாட்டான். வேற ஆளுன்னா தெருவே வந்து வாசல்ல நிக்கும். எனக்கு வயசாயிருச்சும்மா, அம்புட்டுப் பேருக்கும் நான் பதில் சொல்ல முடியாது.

— ஆளு இல்லாம திங்கக்கெழமை போனா ஆறு பேரும் உள்ளதான்.

— நீதானே இத ஆரம்பிச்ச. முடிவும் நீதான் சொல்லணும்.

— அக்கா, போன வாரம் போயிருந்தப்ப ஒங்க தம்பி கேட்டான். அந்த வீட்டுல படுத்தாப்ல மலை தெரியுமான்னு.

— தெரியுமா?

— மாடி ரூமுல தெரியும்.

— ம். நான் கீழ போறேன் மொதலாளி. நாளைக்கு வரவா, வேணாமான்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லியனுப்புங்க.

— இரு கருத்தம்மா. பொற்கொடி, போன எடுத்துட்ட, யாருக்கு?

— வக்கீலுக்கு. ஹலோ, ராம்பிரசாத் சார்? பொற்கொடி பேசுறேன். ஆமா சார், தங்குற ஆளு கெடைச்சிருச்சு. கருத்தம்மாள்னு எழுதிக்கங்க, சிலமலை. திங்கக்கெழமை மத்த அஞ்சு பேரு மனுவ மட்டும் நடத்துங்க. சோலைமலைக்கு வாய்தா கேளுங்க.