என் கணவரின் பெயரில் நீரில் இறங்கியவர்

தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு இந்தக் கூடத்தை நமக்காகத் திறந்து, இன்றைய அவைக்குத் தலைமையும் ஏற்றிருக்கும் படைத்தலைவர் கிளெட்டஸ் ரோடன்பர்க் அவர்களே! முன்வரிசையில் கம்பளிக்குள் கதகதப்பாக அமர்ந்திருக்கும் முதியோர்களே! எந்தச் சபையில் சாவு விழுந்தாலும் சமையல் செய்துகொண்டு ஓடிவரும் தாய்மார்களே! ஆற்றுத் தெருவின் ஒன்பது வீட்டாரே! வரும் செவ்வாய்க்கிழமை மேயர் பதவிக்குப் போட்டியிடும் அன்பர் மார்வின் டீட்ஸ் அவர்களே! அவரை எதிர்த்து நிற்கும் அன்பர் ஒரின் ஜெப்சன் அவர்களே! நான் மேடையேறுவதற்குள் காப்பிப் பாத்திரத்தைக் காலி செய்துவிட்ட இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த வெர்னா கோல்பெக்கின் வணக்கம்.

இன்று காலை ஆற்றைப் பார்த்தீர்களா? மிசிசிப்பி இருந்த இடத்தில் மிசிசிப்பி இல்லை. அக்கரை இல்லை, அணைகரை இல்லை, அலை இல்லை. வெள்ளை வெளேரென்று நவம்பர் மூடுபனி மட்டும் நின்றது. அந்தப் பனிக்குள் நின்றுகொண்டுதான் இந்தப் பேச்சை யோசித்தேன். ஆகவே இது கொஞ்சம் கனவில் நடப்பதுபோல் நடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னை எதற்காக அழைத்தார்கள்? மார்வின் பக்கத்தார் ஒரின் ஜெப்சனுக்கு எதிராகப் பேச அழைத்தார்கள். மூன்று வாரங்களுக்கு முன் உங்கள் வீட்டு வாசல்களில் மஞ்சள் துண்டறிக்கை கிடந்ததே, 'இந்த மார்மன் நம் ஊர்ச் சொல் கேட்பாரா, தம் சபைச் சொல் கேட்பாரா?' என்று, அதை எழுதியவள் யார்? நான்தான். முப்பத்தோராண்டு பள்ளிப் பேருந்து ஓட்டியவள், உங்களில் பாதிப்பேரை 'உட்காரு' என்று அதட்டியவள், அதையும் நானே எழுதினேன்.

என்ன ரூடி? ஆமாம், எழுத்துப்பிழையும் என்னுடையதுதான்.

ஒரின் வாரநாளில் பிளம்பர். ஞாயிற்றுக்கிழமை தம் சபைக்கு பிஷப். எங்கள் கத்தோலிக்க பிஷப் மோதிரம் போட்டிருப்பார், இவர் ஸ்பேனர் வைத்திருப்பார். காப்பி குடிக்கமாட்டார்; மார்மன் சபையில் அதற்குத் தடை. நம் ஊரில் காப்பி இல்லாமல் ஒரு கால்வாய்கூட வெட்டியதில்லையே, சுடுதண்ணீரில் எலுமிச்சை பிழிந்து குடிப்பவரை எப்படி நம்புவது? சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். திங்கட்கிழமை மதியம் மூன்று மணிவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்று மணிக்கு என் கதவு தட்டப்பட்டது. தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரின் நின்றார்.

"மிஸஸ் கோல்பெக், சனிக்கிழமை நீங்க பேசப்போறீங்க. அதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒண்ணு தெரியணும்."

"என்னப்பா, நீ மாட்டின பாய்லர் வெடிக்கப் போகுதா?"

"லைனஸ் பேரை எங்க கோயில்ல குடுத்தேன். பதினோரு வருஷம் ஆச்சு. அவருக்காக நான்தான் தண்ணியில எறங்கினேன்."

தாய்மார்களே, லைனஸ் என் கணவர். பெருவெள்ளம் வந்த அந்த ஆண்டு அணைகரையில் வரிசையாக நின்று மணல் மூட்டை கைமாற்றினோமே, அந்த வரிசையில் நின்றவர். ஒரு மூட்டை கைமாறியது. அடுத்த மூட்டைக்கு அவர் கை வரவில்லை. நின்ற இடத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது. அவருக்கு அடுத்து நின்றவர் ஒரின். ஆம்புலன்ஸ் வர வழியில்லை. முழங்கால் நீரில் அமர்ந்து, என் கணவரின் தலையை மடியில் வைத்திருந்தவர் ஒரின்.

ஆற்றின் மேற்புறம் அவர்களுடைய கோயில் வெள்ளையாக நிற்கிறதே, அங்கே ஒரு வழக்கம் உண்டு. இறந்துபோனவருக்காக உயிரோடிருப்பவர் ஒருவர் வெள்ளை உடுத்தி நீரில் மூழ்கி எழுவார். இறந்தவர் பெயரைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுப்பார்கள். அப்படித்தான் கத்தோலிக்கராய்ப் பிறந்து, கத்தோலிக்கராய் அடங்கிய என் லைனஸுக்கு, நான் அறியாமல், இந்த மனிதர் நனைந்திருக்கிறார்.

"என்னைக் கேட்டியா?" என்றேன்.

"இல்லைங்க."

"உங்க சபையில இப்படித்தான் சொல்லித் தர்றாங்களா?"

"இல்லைங்க. நெருங்கின சொந்தக்காரங்க சம்மதம் வாங்கணும்னுதான் விதி. அடுத்தவங்க வீட்டுப் பேரை நான் தொட்டிருக்கவே கூடாது. தப்பு என்னோடது. அவருக்குக் குடுக்க எங்கிட்ட வேற ஒண்ணும் இல்லாம போச்சு. கேட்டா நீங்க வேண்டாம்னுடுவீங்கன்னு பயந்தேன்."

"பயந்து? அதனால கேக்காமலே செஞ்சிட்டியா?"

"அங்க, மறு உலகத்துல, அவருக்கே உரிமை உண்டுங்க. ஏத்துக்கலாம், வேண்டாம்னும் சொல்லலாம். அதான் எங்க நம்பிக்கை."

"யாரு, லைனஸா? ஏம்ப்பா, அந்த மனுஷன் பொறந்ததுலேர்ந்து யாருக்காவது வேண்டாம்னு சொல்லியிருக்காரா? வாசல்ல வந்தவனெல்லாம் தலையில கட்டிட்டுப்போன மூணு வேக்குவம் கிளீனர் மாடியில கெடக்கு! போ வெளியே!"

போய்விட்டார். மறுநாள் விடியற்காலையில் ஒரு கனவு. இன்று பார்த்தோமே, அதே பனி. இடுப்பளவு நீரில் லைனஸ் நிற்கிறார், வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, எல்லாம் ஈரம். முகத்தில் வருத்தமில்லை. கொஞ்சம் வெட்கம் மட்டும். 'வெர்னா, யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, வந்தேன்' என்கிறார். தண்ணீர் சத்தமே இல்லாமல் அவரைச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறது. நான் கை நீட்டுகிறேன்; நீட்டிய கையோடு விழித்துக்கொண்டேன். எழுந்து உட்கார்ந்து அழுதேன். கோபத்தில் அழுதேனா, அவரைப் பார்த்த சந்தோஷத்தில் அழுதேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

யார் அங்கே கத்துவது? ஓப்பலா? எழுந்து நின்றே சொல்லு.

"எங்க மாமா செத்தப்ப அவருக்கு நீ பூசை வச்சியே வெர்னா! அவரு மெதடிஸ்டு! எங்களைக் கேட்டியா?"

...கேட்கவில்லை. உண்மை. பூசையும் வைத்தேன், மெழுகுவர்த்தியும் ஏற்றினேன். நல்லதுதானே என்று நினைத்தேன். ஓப்பல், இத்தனை பேர் நடுவில் குட்டு வைத்துவிட்டாய். வாங்கிக்கொள்கிறேன்.

அவையோரே! அப்படியானால் எது நம் கவலை? அவர் எந்த வேதம் படிக்கிறார் என்பதா? எந்தத் திசை பார்த்து மண்டியிடுகிறார் என்பதா? எந்தப் பானத்தைத் தள்ளுகிறார் என்பதா? ஒரு மனிதர் ஜெபிக்கும் அறை அவருடையது. அந்த அறையிலிருந்து எழுந்து வந்து, என் கதவைத் தட்டுகிறாரா, தள்ளித் திறக்கிறாரா? அதுதான் என்னுடையது! அதுதான் உங்களுடையது! கத்தோலிக்கரும் தள்ளித் திறப்பார், மெதடிஸ்டும் தள்ளித் திறப்பார், கடவுளே இல்லை என்பவரும் தள்ளித் திறப்பார். நமக்கு நல்லது என்று நினைத்துவிட்டால் நம்மைக் கேட்க வேண்டாம் என்று நினைக்காத ஆட்சியாளர் உண்டா?

ஆற்றுத் தெருவின் ஒன்பது வீட்டாரே, உங்களுக்குப் புரிகிறது. அணைகரையை அகலப்படுத்த உங்கள் வீடுகளை எடுக்கவேண்டும் என்பது ஒரினின் திட்டம். ஊருக்கு நல்ல திட்டம்தான். ஆனால் இவர் உங்களைக் கேட்பாரா? அல்லது நீங்கள் வேண்டாம் என்றுவிடுவீர்களோ என்று பயந்து, கேட்காமலே செய்துவிடுவாரா?

அதற்கு விடை தெரியாமல், இந்தக் காகிதத்தில் இரண்டு முடிவுகளை எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு முடிவில் அவருக்கு வாக்கு, இன்னொன்றில் இல்லை. இந்தக் கதையை மேடையில் சொல்ல அவர் அனுமதி தந்தார்; புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போய் நான் கேட்டு வாங்கினேன். ஆனால் இப்போது செய்யப்போவதை அவரிடம் சொல்லவில்லை.

ஒரின், எழுந்திரு. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி எங்கிட்ட கேட்டிருக்க வேண்டியதை இப்ப கேளு.

அமைதி, அமைதி. அவர் பேசட்டும்.

"மிஸஸ் கோல்பெக்... லைனஸ் பேரை... எங்க கோயில்ல நான் குடுக்கலாங்களா?"

வேண்டாம்.

சபையோரே, அவர் முகத்தைப் பாருங்கள். மறுத்துப் பேசுவார் என்று காத்திருக்கிறேன். விளக்கம் சொல்வார், வேதம் சொல்வார் என்று காத்திருக்கிறேன். பக்கத்தில் அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். ஒரின் வாய் திறக்கிறார்.

"சரிங்க. இன்னைக்கே எழுதி, பதிவுலேர்ந்து எடுக்கச் சொல்றேன்."

பின்வரிசைக்குக் கேட்டதா? 'சரிங்க' என்கிறார்! தம் சபை தருவதில் ஆகச் சிறந்தது என்று நம்பிக் கொடுத்ததை, கண்ணீரோடு கொடுத்ததை, இந்தப் பேருந்துக்காரியின் ஒற்றைச் சொல்லுக்காகத் திருப்பி எடுத்துக்கொள்கிறார்! ஒன்பது வீட்டாரே, நாளைக்கே அவரை உங்கள் வாசலுக்கு அழையுங்கள். அவர் கேட்கட்டும், நீங்கள் 'வேண்டாம்' என்று சொல்லிப் பாருங்கள். மார்வின், முறைக்காதே, உன்னையும் அழைத்துச் சோதிப்பார்கள். உன் வேதம் என் வேதம் என்பதால் உனக்கு விலக்கு இல்லை.

என் வாக்கு ஒரின் ஜெப்சனுக்கு. மஞ்சள் அறிக்கையை எழுதிய அதே கையால் அவர் பெயருக்கு நேரே குறியிடுவேன்.

பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், குறுக்கே கத்திய ஓப்பலுக்கும், கூடம் தந்த தலைவருக்கும் நன்றி. கடைசியாக ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக இந்த ஊரில் தினமும் பார்த்தும் நான் சொல்லாமல் விட்டது.

ஒரின், என் லைனஸ் தனியா சாகல. உன் மடியில செத்தாரு. நன்றிப்பா.

அனைவருக்கும் வணக்கம்.