வான்கோழி வெந்ததா?

"தொடையில ஆழமா குத்துனியா?" என்று அந்தப் பெண் கைபேசியில் கேட்டதும், மாகறல் பேருந்தில் பாதிப் பேர் திரும்பினோம். பக்கத்தில் அவளுடைய அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குத்தினேன்மா. வான்கோழி மேல நல்லா முறுகிடுச்சு. உள்ளருந்து தண்ணி செவப்பா வருது," என்றது ஸ்பீக்கரில் கணவன் குரல். "எறக்கிடட்டா?"

"ஐயோ, வேணாம்! இன்னும் வேகல. தண்ணி தெளிவா வரணும். கல்யாணம் ஆனதுலருந்து உங்கிட்ட ஒரு வார்த்த பேசாத அப்பா, இன்னிக்குத்தான் நம்ம வூட்டுக்கு சாப்ட வராரு. பச்சையா போட்டு மானத்த வாங்காத!"

"நீங்க அதுக்குள்ள வந்துடுவீங்களே..."

அவள் நெற்றியைத் தேய்த்தாள். பேருந்து வேகமெடுத்தது. அப்பா கைபேசியை வாங்கித் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நல்லா வேகட்டும், மாப்ள. நாங்க ஒரு ஸ்டாப் முன்னாடியே எறங்கி, மெதுவா நடந்துக்கினு வரோம்."

எதிர்முனையில் கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது.

"இப்ப பேசுனது... மாமாவா?"